வாய் மூடாத வட்டம்

அந்தத் தெருவின் நடைபாதையில் காலை எட்டு மணிக்கு நடக்க வேண்டுமென்றால் ஒன்று சிறகு வேண்டும், இல்லாவிட்டால் ஹாரன் வேண்டும். முதலில் சைக்கிள்கள் வரும். சைக்கிள் போன வழியில் ஸ்கூட்டர்கள் வரும். ஸ்கூட்டர் போன வழியில், நாமும்தான் போய்ப் பார்ப்போமே என்று எப்போதாவது ஒரு கார் இரண்டு சக்கரத்தை மேலே ஏற்றிக்கொண்டு வரும். நடக்க வந்தவர்கள் சுவரில் பல்லியாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால் ஓட்டுகிறவர்களைக் குற்றம் சொல்ல வழியே இல்லை. நடைபாதையின் மேல், பளிச்சென்ற வெள்ளைப் பெயின்டில், பத்தடிக்கு ஒரு சைக்கிள் படம் இருந்தது. கீழே லாரி போகிற சாலையின் ஓரத்தில், கையை வீசி நடக்கிற மனிதனின் படம் இருந்தது.

மருந்துக் கடை முனையிலிருந்து பாதித் தெரு வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மனிதன் மேலே, சைக்கிள் கீழே. நடுவில் நிற்கும் மின்பெட்டியைத் தாண்டியதும் இரண்டும் இடம் மாறிவிடும். அதுவரை மேலே பத்திரமாக வந்த வெள்ளை மனிதன் திடீரென்று லாரிக்கு முன்னால் கையை வீசிக்கொண்டு நடப்பான்.

இப்படி வரைந்தவனைத் திட்டாத வாய் அந்தத் தெருவில் இல்லை. மின்பெட்டியைத் தாண்டி, படம் இடம் மாறிய பாதியில், கடைசிக்கு முந்தின வீட்டில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அம்மாளும் நாளைக்கு ஒரு தடவையாவது, "எந்தப் புண்ணியவான் கையோ" என்பாள். பக்கத்தில் டீயை ஆற்றிக்கொண்டிருக்கும் அவள் புருஷன் வாயே திறக்கமாட்டார். ஏனென்றால் அந்தப் புண்ணியவான் அவர்தான்.

சாலையில் கோடு போடுவது அவர் தொழில். இருபத்தாறு வருஷமாக அதே வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் கோட்டுக்காரர். ஆனால் பெயின்டைத் தொடுவது அவர் வேலையில்லை, முன்னால் போய்க் குறி போடுவதுதான். மஞ்சள் மெழுகுக் கட்டியால் தரையில் வட்டம் போட்டால் அங்கே சைக்கிள் வரவேண்டும். பெருக்கல் குறி போட்டால் நடக்கிற மனிதன். மறுநாள் விடிந்ததும் ஆட்கள் வந்து, குறியின் மேல் படம் வெட்டிய அச்சுத்தகட்டை வைத்துப் பெயின்டை அடித்துக்கொண்டே போவார்கள். யோசனையெல்லாம் நேற்றே முடிந்தது, இன்றைக்குக் கைக்கு மட்டும்தான் வேலை என்பது அவர்கள் கட்சி. ஒருமுறை காற்றில் பறந்து வந்து குறியின் மேல் படுத்துக் கிடந்த அட்டைப்பெட்டிக்கும் சேர்த்துப் பெயின்ட் அடித்துவிட்டுப் போன மகராசன்கள் அவர்கள்.

குறி போடுவதில் கோட்டுக்காரருக்கென்று ஒரு முறை உண்டு. சாலைக்கும் நடைபாதைக்கும் நடுவில் இருக்கும் ஓரக்கல்லின் மேலேயே பின்னோக்கி நடப்பார். அப்போதுதான் போட்ட குறிகள் கண்ணுக்கு முன்னால் வரிசையாக நிற்கும், கோணல் இருந்தால் உடனே தெரியும் என்பார். குனிந்து வலது கைப்பக்கம் சாலையில் ஒரு வட்டம், இடது கைப்பக்கம் நடைபாதையில் ஒரு பெருக்கல், பிறகு நான்கு எட்டுப் பின்னால். தூக்கத்தில் எழுப்பிவிட்டாலும் கை தானாகப் போட்டுவிடும். வட்டத்தை மட்டும் அவர் ஒருநாளும் முழுசாக மூடியதில்லை. முனை முனையைத் தொடுவதற்குள் கை அடுத்த குறிக்குக் கிளம்பிவிடும். பெயின்ட் வேலைக்குக்கூட இஸ்திரி போட்ட சட்டையில் வருவதால் 'மாப்பிள்ளை' என்று பெயர் வாங்கிய அச்சுத்தகட்டுக்காரன், அண்ணன் வட்டம் கொட்டாவி விடுகிறது என்று கேலி செய்வான். வீட்டுக் காலண்டரிலும் அதே கொட்டாவிதான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இந்த யானைக்குச் சறுக்கியது சொந்தத் தெருவில்.

அதற்கு இரண்டு நாள் முன்னால் அவர் மனைவி, வேலை செய்கிற மூக்குக் கண்ணாடிக் கடையில் மேல் தட்டுப் பெட்டியை எடுக்க ஸ்டூலில் ஏறி, ஸ்டூல் ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், அவர் குறி போடவேண்டிய நாளுக்கு மறுநாள் காலை என்றார்கள். துணைக்கு அவருடைய கொழுந்தியாள் இருந்தாள். சும்மா உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்த்தால் எலும்பு ஒட்டிவிடுமா, வேலைக்குப் போங்கள் என்று மனைவியே விரட்டிவிட்டாள். அவர் வந்து குறி போட்டுக்கொண்டிருந்தார். மின்பெட்டி அருகில் வந்தபோது போன் அடித்தது. டாக்டருக்கு நேரம் கிடைத்துவிட்டதாம், இப்போதே அக்காவை உள்ளே கூட்டிப்போகிறார்களாம். போனைக் காதில் வைத்தபடி அவர் முகத்தை ஆஸ்பத்திரி இருக்கும் திசைக்குத் திருப்பினார். காலும் கூடவே திரும்பியது. இன்னும் பாதித் தெருதான், ஓட்டமாக முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று அப்படியே முன்னோக்கி நடந்தார். கைக்கு என்ன தெரியும்? அது வலது பக்கம் வட்டமும் இடது பக்கம் பெருக்கலும் போட்டுக்கொண்டே போனது. இப்போது வலது பக்கம் இருந்தது நடைபாதை.

மறுநாள் மாப்பிள்ளை வந்து பார்த்தான். மின்பெட்டியைத் தாண்டியதும் ஒரு நிமிஷம் தலையைச் சொறிந்தானாம். அண்ணன் போட்டது, காரணம் இல்லாமல் இருக்காது என்று தகட்டை வைத்துவிட்டான். நல்ல பெயர் எடுத்தவன் செய்கிற தப்பை ஊரே சேர்ந்து நிறைவேற்றி வைக்கும்.

கோட்டுக்காரர் இதையெல்லாம் அறியாமல் இரண்டு வாரம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தார். மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்த அன்று டாக்ஸி கதவைத் திறந்தவர், அவள் காலை வைக்கப்போகிற இடத்தில் ஒரு வெள்ளைச் சைக்கிளைப் பார்த்தார். அதன் அடியில் பெயின்டுக்கு வெளியே மஞ்சள் மெழுகு எட்டிப் பார்த்தது. அவருடைய கொட்டாவி வட்டம். மனைவி ஒரு காலை ஊன்றி, தலையைக் குனிந்து, தரையையே வெகுநேரம் பார்த்தாள். மயக்கம் என்று நினைத்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அன்றே சொல்லியிருக்கலாம். முதல் நாள் ஆபீஸுக்குப் பயந்தார். இரண்டாம் நாள் மனைவிக்குப் பயந்தார். மூன்றாம் நாள், இரண்டு நாள் சொல்லாமல் இருந்ததற்குப் பயந்தார். பொய் பேசினால்கூட ஒரு தடவை பேசிவிட்டு ஓய்ந்துவிடலாம். சொல்லாமல் இருப்பது தினமும் விடிந்ததும் செய்யவேண்டிய வேலையாக இருந்தது.

நடை பழக்க வாரம் இரண்டு நாள் ஒரு பெண் வருவாள். சின்ன வயது, கண்டிப்பு பெரியது. வீட்டுக்குள் எத்தனை தடவை குறுக்கும் நெடுக்கும் போனாலும் பிரயோஜனமில்லை, மேடும் பள்ளமும் ஆளும் சத்தமும் காலுக்குப் பழகவேண்டும் என்பாள். ஆறு வாரத்துக்குள் வாக்கரோடு மருந்துக் கடை முனை வரை போய்த் திரும்பினால் அப்புறம் எல்லாம் தானாக வரும். பயந்து உட்கார்ந்துவிட்டால் கால் இறுகிவிடும், இந்த நாற்காலிதான் கதி என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

இரண்டாம் வாரம் மனைவி தைரியமாக வெளியே போனாள். பத்து அடி போயிருப்பாள். பின்னால் வந்த ஒரு ஸ்கூட்டரின் கண்ணாடி வாக்கரில் மாட்டி, அதை அரை வட்டம் சுற்றிவிட்டுப் போனது. அவள் விழவில்லை, கோட்டுக்காரர் தாங்கிக்கொண்டார். வீட்டுக்குள் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள்தான். வாக்கர் கதவுக்குப் பின்னால் போனது. நடை பழக்குகிற பெண் வரும் நாளென்று காலண்டரில் அவர் வட்டம் போட்ட நாட்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன.

கோட்டுக்காரர் சும்மா இருக்கவில்லை. வாசலுக்கு முன்னால் பூந்தொட்டிகளை வரிசையாக வைத்துப் பார்த்தார். சைக்கிள்கள் மீன்குஞ்சு மாதிரி தொட்டிகளுக்கு நடுவே நெளிந்து போயின. ஒருநாள் பொறுக்கமுடியாமல் நடுப்பாதையில் கையை விரித்து நின்றுவிட்டார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு சமையல்காரர் சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர், இறங்கி நின்று மரியாதையாகத்தான் பேசினார்.

"சார், இங்க சைக்கிள் படம்தானே போட்டிருக்கு? நீங்கதான் இடம் மாறி நிக்கிறீங்க. உங்க படம் அதோ, கீழ இருக்கு."

லாரி ஒன்று அந்த வெள்ளை மனிதனின் நெஞ்சின் மேல் ஏறிப் போனது. கோட்டுக்காரர் கையை இறக்கி வழிவிட்டார். தன் கையெழுத்தையே நீட்டிக் கேட்கிறவனிடம் என்ன வாதாடுவது?

மனைவி வெளியே போகவில்லையே தவிர, மத்தியானத் தூக்கத்தில் நிறைய நடந்தாள். சாப்பிட்டபின் ஜன்னல் வெயில் மடியில் விழும்போது கண் சொருகும். எழுந்ததும் போய்வந்த கதையைச் சொல்வாள். தரை நனைந்த துணி மாதிரி மெத்தென்று இருந்ததாம். வெள்ளைச் சைக்கிள்கள் தரையிலிருந்து உரிந்து எழுந்து, ஓட்ட ஆளில்லாமல், மணியடித்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் மிதந்து போயினவாம். சாலையோரத்து வெள்ளை மனிதர்கள் தலையை மட்டும் தூக்கி, அம்மா, கொஞ்சம் கை கொடுங்கள், மேலே வந்துவிடுகிறோம் என்று கேட்டார்களாம். அவளும் ஒவ்வொருவராகத் தூக்கி விட்டாளாம். ஆள் காகித எடைதான் இருந்தான் என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். கோட்டுக்காரருக்கும் கேட்கக் கேட்க நாற்காலியே மெல்ல நகர்வதுபோல் ஆகிவிடும். பிறகு வெளியே ஒரு ஹாரன் அடிக்கும், எல்லாம் பழையபடி தரையில் படுத்துக்கொள்ளும்.

நான்காம் வாரக் கடைசியில் ஒரு மத்தியானம். அவள் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வருஷம் லென்ஸ் தேய்த்த கை, அழுக்குக் கண்ணாடியைப் பார்த்தால் சும்மா இருக்காது. கண்ணாடி இல்லாமல் கோட்டுக்காரருக்கு அவள் முகம் ஜன்னல் வெளிச்சத்தில் கரைந்து போயிருந்தது. அன்றைய கனவைச் சொன்னாள். ஒரு பெரிய மஞ்சள் வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டாளாம். சுற்றிச் சுற்றி வந்தாளாம்.

"அப்புறம் பாத்தா ஒரு இடத்துல வட்டம் மூடவே இல்ல. சின்னதா ஒரு வாசல் மாதிரி. அது வழியா வெளிய வந்துட்டேன்."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா இல்லை. கோட்டுக்காரர் எதிரே இருந்த மங்கலான உருவத்தைப் பார்த்து, "அந்தப் புண்ணியவான் நான்தான்" என்றார்.

"தெரியும்."

துடைக்கிற சத்தம் நிற்கவில்லை. டாக்ஸியிலிருந்து காலை வைத்தபோதே பார்த்துவிட்டதாகச் சொன்னாள். முழு வட்டத்துக்கும் கொட்டாவி வட்டத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் இத்தனை வருஷம் லென்ஸ் தேய்த்தேனா என்று கேட்டாள். அப்படியானால் தினமும் அந்தத் திட்டு? அதுவும் தெரிந்தேதான். உறைத்தால் வாயைத் திறப்பீர்கள் என்று பார்த்தேன், உங்களுக்கு அழுத்தம் அதிகம் என்றாள். கோபம் இருந்தது, மறைக்கவும் இல்லை.

"எப்பப் போட்டீங்க?"

சொன்னார். போன் வந்தது, ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பியது, கை தன் பாட்டுக்குப் போட்டுக்கொண்டு போனது எல்லாவற்றையும் சொன்னார். நெஞ்சில் முள்ளாகக் கிடந்த இன்னொன்றையும் சொன்னார்.

"போன் வந்ததும் அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்கணும். பாதித் தெருதானேன்னு முடிச்சுட்டு வந்தேன். நான் வர்றதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்க. உன் முகத்தைப் பாக்கல."

துடைக்கிற கை நின்றது. பிறகு கண்ணாடி அவர் மூக்கின் மேல் வந்து உட்கார்ந்தது. அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது, கண் நனைந்திருந்தது.

"கதவு மூடுற வரைக்கும் திரும்பித் திரும்பிப் பாத்தேன். என்னடா இந்த மனுஷனைக் காணோமேன்னு." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்கு ஆபீஸ்ல போய்ச் சொல்லுங்க. உங்க வட்டம் மாதிரி அதையும் பாதியில விடாதீங்க."

சொன்னார். சூப்பர்வைசர் முதலில் நம்பவில்லை, பிறகு சிரித்தார், பிறகு சிரித்ததற்கும் சேர்த்துக் கோபப்பட்டார். குறி போடும் வேலையை மூன்று மாதத்துக்கு மாப்பிள்ளையிடம் கொடுத்தார். கோட்டுக்காரர் அச்சுத்தகடு சுமக்கவேண்டும். அது நியாயம்தான் என்று கோட்டுக்காரருக்கே பட்டது.

விடுமுறை நாளாகப் பார்த்து விடியலில் வேலை நடந்தது. பனிமூட்டம், தெருவே பாலில் ஊறவைத்ததுபோல் இருந்தது. நடைபாதையில் இருந்த சைக்கிள்களைச் சாம்பல் பெயின்டால் மூடினார்கள், சாலையில் இருந்த மனிதர்களைக் கறுப்பால். மாப்பிள்ளை இஸ்திரிச் சட்டையோடு ஓரக்கல்லில் பின்னோக்கி நடந்து, அண்ணனைவிட ஒழுங்காக முழு வட்டம் போட்டான். பனிக்குள் பத்தடிக்கு அப்பால் ஆளே தெரியவில்லை. தகட்டைத் தூக்கியதும் ஒவ்வொரு வெள்ளை மனிதனும் நடைபாதைமேல் இருந்தான், இப்போதுதான் யாரோ கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டதுபோல. தன் வீட்டுக்கு நேரே வந்ததும் கோட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தார். கண்ணாடியில் மூச்சு படிந்து, நடுவில் கையால் துடைத்த ஓட்டையில் அவள் முகம் இருந்தது.

படம் மாறியதும் எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நம்பவும் வேண்டாம். சமையல்காரர் மட்டும் முதல் நாளே படத்தைப் பார்த்து இறங்கிக்கொண்டார். மற்றவர்கள் பழக்கதோஷத்தில் மருந்துக் கடை முனையிலேயே மேலே ஏறி வந்தார்கள். நாய் வாலை நிமிர்த்தும் வேலை பெயின்டால் ஆகிற காரியமில்லை. ஆறாம் வாரமும் வந்துவிட்டது. நடை பழக்குகிற பெண் வரும் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை, மனைவி கதவுக்குப் பின்னாலிருந்து வாக்கரைத் தானே எடுத்தாள்.

பின்னால் வராதீர்கள், பின்னால் ஆள் இருந்தால் விழப்போகிறேன் என்றுதான் தோன்றுகிறது என்றாள். அதனால் அவர் அவளுக்கு முன்னால், அவளைப் பார்த்தபடி, பின்னோக்கி நடந்தார். அந்த நடை அவருக்குக் கைவந்த கலை. வாக்கரைத் தூக்கி வைப்பாள், இடது கால், வலது கால். அவர் ஒரு எட்டுப் பின்னால் போவார். அவர்கள் காலுக்கடியில் வெள்ளை மனிதர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். மின்பெட்டி வந்தது, போனது. காலை வெயில் அவள் தலைக்குப் பின்னாலிருந்து வந்ததில் நரைமுடியெல்லாம் தனித்தனியாக மின்னியது. ஆஸ்பத்திரிக் கதவுக்கு முன்னால் பார்க்காமல் விட்ட முகத்தை அவர் இப்போது எட்டுக்கு எட்டு பார்த்துக்கொண்டு போனார்.

மருந்துக் கடைக்கு இன்னும் இருபது அடி இருக்கும்போது அவள் நின்றாள்.

"உங்களுக்குப் பின்னாடி ஸ்கூட்டர் வருது. நகராதீங்க."

அவர் நகரவில்லை. இன்ஜின் சத்தம் முதுகுக்குப் பின்னால் வந்து உறுமியது. ஹாரன் அடித்தது. அவள் முகத்தை மட்டும் பார்த்தார், அதில் பயம் இருந்தது, ஆனாலும் வாக்கரை இன்னும் ஓரடி முன்னால் தூக்கி வைத்தாள்.

"தம்பி, நான் மெதுவாத்தான் வருவேன்," என்றாள், அவருடைய தோளுக்கு மேலாகப் பார்த்து. "நீங்க கீழ இறங்கிப் போங்க."

ஹாரன் இன்னொரு தடவை, கொஞ்சம் வெட்கத்தோடு அடித்தது. பிறகு சக்கரம் ஓரக்கல்லிலிருந்து தடால் என்று சாலையில் இறங்கும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டர் அவர்களைக் கடந்து போனது.

அப்போது அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. கொழுந்தியாளாக இருக்கலாம், ஆபீஸாகவும் இருக்கலாம். அது விடாமல் அடித்தது.

"எடுங்களேன்," என்றாள் அவள்.

"அடிக்கட்டும்" என்றார் கோட்டுக்காரர். திரும்பாமல் இன்னொரு எட்டுப் பின்னால் வைத்தார்.